‘சோனகர்’, ‘மூர்’: இரண்டும் ஒரே சொல்லா?

நிந்தவூர்த் தம்பி, மகளின் பிறப்புச் சான்றிதழில் தமிழில் ‘இலங்கைச் சோனகர்’ என்றும் ஆங்கிலத்தில் ‘மூர்’ என்றும் இருக்கிறது, இரண்டும் ஒரே சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்கள் ஒன்றுதான், அரபு வணிகர் வழிவந்தவர்கள் எனப்படும் இலங்கை முஸ்லிம்களாகிய நாம்; சொற்கள் வேறு.

‘மூர்’ போர்த்துக்கேயர் வைத்த பெயர். வட ஆபிரிக்க முஸ்லிம்களை ‘மோரோ’ என்று அழைத்துப் பழகியவர்கள், 1505இல் இங்கே வந்து நம்மையும் அப்படியே அழைத்தார்கள்.

‘சோனகர்’ அதைவிட மிகப் பழையது. கிரேக்கத்து அயோனியர் பெயர்தான் பாரசீகத்தில் ‘யௌன’, வடமொழியில் ‘யவன’, பாளியில் ‘யோன’ ஆனது. சங்கப் பாட்டில் பொன்னோடு வந்து மிளகு ஏற்றிப்போன யவனரும் இவர்கள்தாம். அப்புறம் அதே கடல்வழியில் அரபிகள் வந்தபோது, பெயரும் அவர்களுக்கு மாறியது. மகள் நம்பாவிட்டால் ஒரு சிங்களப் படிவத்தை எடுத்து இனம் என்ற இடத்தைக் காட்டுங்கள்: ‘லங்கா யோனக’ என்று இருக்கும். அந்த ‘யோ’தான் நம் வாயில் ‘சோ’.