பொதுப் பட்டியல் பொதுவா?

அன்புள்ள ஐயா,

கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். பொது என்றால் அதில் சட்டம் போட மத்திய அரசு, மாநில அரசு இரண்டுக்கும் சம உரிமைதானே? 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக நாம் போட்ட சட்டத்துக்கு எட்டே நாளில் டெல்லி ஒப்புதல் கொடுத்தது. நீட் விலக்கு மசோதாவுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

மா., தஞ்சாவூர்

அன்புள்ள மா.,

பேருக்குத்தான் பொது. வீடு இரண்டு பங்காளிகளுக்கும் சொந்தம் என்று பத்திரம் எழுதிவிட்டு, தகராறு வந்தால் பெரியவர் சொல்வதே செல்லும் என்று அடியில் ஒரு வரி சேர்த்தால் எப்படி? அரசியலமைப்பின் 254-ஆவது பிரிவு அந்த வரிதான். பொதுப் பட்டியலில் உள்ள விஷயத்தில் இரண்டு சட்டங்களும் மோதினால் நாடாளுமன்றத்தின் சட்டம் நிற்கும். மாநிலச் சட்டம் தன் எல்லைக்குள்ளாவது பிழைக்கக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். அவரோ மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஆக, யார் சட்டத்தோடு நாம் முரண்படுகிறோமோ அவர்களிடமே போய் அனுமதி கேட்கிறோம்.

ஜல்லிக்கட்டில் அவர்கள் சரி என்றார்கள். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு நாம் செய்த திருத்தம் நிலைத்தது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அது செல்லும் என்றது.

நீட் கதையில் பலருக்கு மறந்துபோன ஒரு விஷயம், நாம் ஏற்கெனவே ஒருமுறை ஜெயித்திருக்கிறோம். நுழைவுத் தேர்வை ஒழித்து, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை என்று 2006-இல் சட்டம் கொண்டுவந்தோம். 2007-இல் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் ஒப்புதல் வாங்கிய சட்டத்தையும் நாடாளுமன்றம் பின்னால் புதுச் சட்டம் போட்டு மீறலாம். அதே 254 அதற்கும் இடம் தருகிறது. 2016-இல் மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட்டைக் கொண்டுவந்தபோது அதுதான் நடந்தது. 2017-இல் அனுப்பிய மசோதாக்களும் தேறவில்லை. 2021 மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. அதுவும் நிராகரிக்கப்பட்டது என்று 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் சொன்னார். போதாததற்கு, உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் தனியாக இருக்கிறது. நமக்கு மிச்சம் இருப்பது மோதாமல் நுழையக்கூடிய சந்துதான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் அப்படித்தான் வந்தது. நீட்டோடு முரண்படாததால் ஆளுநர் கையெழுத்தே போதுமானதாக இருந்தது.

அரசியலமைப்புப் புத்தகம் கைக்குக் கிடைத்தால் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் புரட்டிப் பாருங்கள். 10-ஆவது இடத்தில் சுடுகாடு, 12-ஆவதில் நூலகம். நடுவில் 11-க்கு நேராக நட்சத்திரக் குறிகள் மட்டும் இருக்கும். நெருக்கடி நிலையின்போது, 1976-இல், 42-ஆவது திருத்தம் எடுத்துப் போகும்வரை கல்வி அங்கேதான் இருந்தது.