ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் காரில் அரைக்கிற சத்தம் வருகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

நீங்கள் சொல்லியிருப்பது இது: மேனுவல் கியர், முன்சக்கரம் இழுக்கும் சின்ன கார். முதல் இரண்டு கியரில் மிதிக்கும்போது கரகரவென்று அரைக்கிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கிவிடலாம் என்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். காலை எடுத்ததும் நிற்கிற சத்தத்துக்கு கியர்பாக்ஸைவிட மலிவான காரணங்கள் நிறைய உண்டு. சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தகடும் கம்பியும் சத்தத்தை வேறு எங்கோ கொண்டுபோய்விடும். அது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து மிதியுங்கள். அப்போதும் அரைத்தால் சக்கரம், ஆக்ஸில் எதுவும் இல்லை. பெல்ட், புல்லி, சைலன்சர் தகடு என்று இன்ஜின் பக்கம் தேடலாம். கிளட்ச்சை மிதிக்கும்போது சத்தம் வந்தாலோ நின்றாலோ மட்டும், கடைசியில் சொல்லும் சோதனையைப் பாருங்கள். அடுத்து, போக்குவரத்து இல்லாத நேரத்தில் 40, 50 கி.மீ. வேகம் எடுத்து நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிடுங்கள். இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கல்லாகிவிடும். உருளும்போதும் சத்தம் தொடர்ந்தால் பெரும்பாலும் வீல் பேரிங். வளைவில் வண்டி எந்தச் சக்கரத்தின் மேல் சாய்கிறதோ அந்தச் சக்கரத்தில் அது கூடும். இரண்டிலும் இல்லாமல், கியரில் இழுக்கும்போது மட்டும் வந்தால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங், ஆக்ஸில் ஜாயின்ட், கடைசியாகத்தான் கியர்பாக்ஸ்.

என் வண்டிக்கு வந்தது இந்த மூன்றாவது வகை. நான் தண்டையார்பேட்டை. எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் உழுத பள்ளங்களில் தினமும் இறங்கி ஏறுகிற வண்டி, போதாததற்குக் காசிமேட்டு உப்புக்காற்று. ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எனக்கும் இதே கியர்பாக்ஸ் பாட்டுதான் பாடினார்கள். எங்கள் தெருமுனை மெக்கானிக் ஸ்பேனரையே எடுக்கவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்தார், உதவிக்கு இருந்த பையனை உள்ளே உட்காரவைத்து ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் போடச் சொன்னார், பானெட்டைத் திறந்தார். "சைடுல நில்லுங்க சார், முன்னாடி வராதீங்க" என்றவர், பையனிடம் முதல் கியர் போட்டுக் கிளட்ச்சை லேசாக விடச் சொன்னார். இன்ஜின் ஒரு பக்கம் எம்பியது. ரிவர்ஸ் போட்டதும் மறுபக்கம் குதித்தது. கொஞ்சம் அசைவது இயல்புதான், இது அப்படியில்லை. மவுண்டிங் ரப்பர் இரும்பிலிருந்து முழுசாகக் கிழிந்து வந்திருந்தது.

சரி, அரைக்கிற சத்தம் எங்கே? இன்ஜின் ஆறியதும் கீழே படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். சைலன்சர் குழாய்க்கு மேலே இருக்கும் ஹீட் ஷீல்டு முழுக்கத் துரு. ஓரத்தில் ஓர் இடம் மட்டும் தேய்த்த வெள்ளிக்காசு போலப் பளபளத்தது. மிதிக்கும்போது இன்ஜின் சாய, குழாய் அங்கே போய் உரசுகிறது. காலை எடுத்தால் விலகிவிடுகிறது. அவ்வளவுதான். இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியில் தாங்கி மவுண்டிங் மாற்றினார். போல்ட் துளை துருவில் போயிருந்த ஷீல்டைப் பெரிய ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினார். சிலர் சத்தம் ஒழியட்டும் என்று ஷீல்டையே கழற்றி எறிகிறார்கள். செய்யாதீர்கள், வண்டியின் அடித்தளத்தையும் ஒயரையும் சூட்டிலிருந்து காப்பது அந்தத் தகடுதான்.

மவுண்டிங் நன்றாக இருந்தால், முன்சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், கிழிந்திருந்தால் கிரீஸ் சுற்றிலும் தெறித்திருக்கும். கிழிந்த பூட்டோடு கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஒருமுறை போய்வந்தால் போதும், மண்ணும் தண்ணீரும் ஜாயின்ட்டுக்குள் சேர்ந்து அரைக்க ஆரம்பித்துவிடும். வெளி ஜாயின்ட் என்றால் திருப்பும்போது கடகடக்கும். உள் ஜாயின்ட் மிதிக்கும்போது வண்டியையே உதறும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ரப்பர் உறையும் கிரீஸும் மாற்றினால் தீரும், விட்டால் ஆக்ஸில் செலவு.

வண்டி வெள்ளத்தில் நின்றதா? மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் பல வண்டிகள் நின்றன. அப்படியென்றால் கியர் ஆயிலையும் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லையா, அப்புறம் கியர்பாக்ஸ். அதற்கும் ஒரு சோதனை உண்டு: வண்டி நின்றபடி இன்ஜின் நியூட்ரலில் ஓடும்போது அரைத்து, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங், மிதித்தால்தான் வருகிறதென்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டுக்கும் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். கூலி ஒன்றுதான் என்பதால், இறக்கின கையோடு கிளட்ச் பிளேட்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லிவிடுங்கள்.