பிடித்துத் தைக்கப்படும் சட்டை: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் ஆரையம்பதியில் தையற்கடை நடத்துகிறேன். பெரும்பாலும் கலியாணச் சட்டைகளும் சாறிச் சட்டைகளும்தான் தைக்கிறேன். மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு புடவைக் கடை, தனது முகநூல் பக்கத்துக்கும் டிக்டொக்குக்கும் படம் எடுப்பதற்கான சட்டைகளை என்னிடம்தான் தைக்கக் கொடுக்கிறது. அந்தப் படங்களில் நிற்கும் பிள்ளைக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். முதலில் அவளுக்கு எடுத்த அளவுக்கும் இப்போது எடுக்கும் அளவுக்கும் பெரிய வித்தியாசம். ஒவ்வொரு முறையும் சட்டையை இன்னும் பிடித்துத் தரும்படி கேட்கிறார்கள். கமராவில் பருமனாகத் தெரிகிறாய் என்று கடையில் சொன்னதாகவும், இரவுச் சோற்றை விட்டுவிட்டதாகவும் அளவெடுக்கும்போது அவளே என்னிடம் சொன்னாள். கடைசியாக வந்தபோது தலைசுற்றிக் கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளிநாடுகளில் மொடல்களின் எடைக்குச் சட்டம் இருக்கிறதாமே. அப்படியொரு சட்டம் இங்கும் வந்தால் இந்தப் பிள்ளைகள் தப்புவார்களா? மறுபக்கம், என் அம்மாவுக்குச் சீனி வருத்தம். கிளினிக்கில் எடையைக் குறைக்கும்படி ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். மெலிவது நல்லது என்று வைத்தியரே சொல்லும்போது நான் அந்தப் பிள்ளையிடம் என்னவென்று பேசுவது? தைப்பது மட்டுமே என் வேலை என்று இருந்துவிடுவதா?

ஒரு வாசகி, ஆரையம்பதி

அன்புள்ள சகோதரி,

பேச உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் உடலில் என்ன நடக்கிறது என்பதை, அவளைப் பெற்ற தாய்க்கும் முன்பாக, அங்குலக் கணக்கில் அறிந்திருப்பவர் நீங்கள். உங்கள் அளவுக் கொப்பியில் இருக்கும் எண்களைவிடத் தெளிவான சாட்சி இந்த விடயத்தில் வேறு இல்லை.

முதலில் நீங்கள் கேட்ட சட்டங்களைப் பற்றிச் சொல்கிறேன். அவை மரணங்களுக்குப் பின் வந்தவை. 2006 ஓகஸ்டில் உருகுவே நாட்டின் தலைநகரான மொன்டெவிடியோவில், லூயிசெல் ராமோஸ் என்ற 22 வயது மொடல், ஆடைக் காட்சியொன்றின் நடுவே இதயம் செயலிழந்து இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் பிரேசிலைச் சேர்ந்த ஆனா கரோலினா ரெஸ்டன் 21 வயதில் இறந்தபோது அவருடைய எடை ஏறத்தாழ 40 கிலோவாக இருந்தது. உயரமோ 170 சென்ரிமீற்றருக்கும் அதிகம். அடுத்த பெப்ரவரியில், லூயிசெலின் தங்கையும் ஒரு மொடலுமான எலியானா ராமோஸ் 18 வயதில் இறந்தார். ஒரு வீட்டிலேயே இருவர்.

லூயிசெல் இறந்த அடுத்த மாதமே, மட்ரிட் நகரின் ஆடைக் காட்சி, உடற்திணிவுச் சுட்டி 18க்குக் கீழே உள்ளவர்களை மேடையேற்றுவதில்லை என்று அறிவித்தது. கிளினிக்கில் பி.எம்.ஐ. என்று சொல்கிறார்களே, அதுதான் இந்தச் சுட்டி: கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். இஸ்ரேல் 2012இல் 18.5 என்ற எல்லையைச் சட்டமாகவே இயற்றி, 2013 முதல் நடைமுறைப்படுத்தியது. மொடல் தனது எடை அந்த எல்லைக்கு மேல் இருப்பதாக வைத்தியரின் சான்றிதழைக் காட்ட வேண்டும்; படத்தைக் கணினியில் திருத்தி உடலை மெலிவாக்கியிருந்தால் விளம்பரத்திலேயே அதை அறிவிக்க வேண்டும்.

18.5 என்ற அந்த எண் ஆரையம்பதிக்கும் புதியதன்று. கர்ப்பிணித் தாய் முதன்முறையாகக் கிளினிக்குக்குப் போகும்போது, மருத்துவமாது உயரத்தையும் எடையையும் அளந்து அட்டையில் இதே சுட்டியைத்தான் குறிக்கிறார். 18.5க்குக் கீழே இருந்தால் அந்தத் தாய் நிறை குறைந்தவர் என்று கணிக்கப்பட்டு, கர்ப்ப காலத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை, அதாவது மற்றத் தாய்மாரைவிடக் கூடுதலாக, எடை ஏற வேண்டும் என்று அறிவுறுத்தப்படுகிறார். திரிபோஷா என்ற சத்துமாப் பொதியும் கொடுக்கப்படுகிறது. 155 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு அந்த எல்லை 44 கிலோவுக்குச் சற்று மேலே. வாகரையிலோ திருக்கோவிலிலோ ஓர் ஏழைத் தாய் அந்த எண்ணுக்குக் கீழே போனால் அதை வறுமையின் காயம் என்று கருதி அரசு மாவு கொடுக்கிறது; நகரத்தில் விளக்கு வெளிச்சத்தின் முன் நிற்கும் பிள்ளை அதே எண்ணுக்குக் கீழே போனால் அதை அழகு என்று பாராட்டுகிறோம். இரண்டு உடல்களுக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான். இதை நினைக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது.

ஆனால் எடைக்குச் சட்டம் போட்டால் போதுமா என்றால், போதாது என்பதே என் முடிவு. இந்தச் சுட்டியின் கணக்கு 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடொல்ப் கெட்லே என்ற புள்ளியியலாளர் வகுத்தது. 1972இல் அதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தவர் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ். மக்கள் கூட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற கணக்கு இது. ஒருத்தியின் நலத்தை இது மட்டும் சொல்லிவிடாது. பருமனாக இருந்தவள் சில மாதங்களில் பட்டினியால் சரிந்து, சுட்டி 19இல் வந்து நின்றால், எண்ணின்படி அவள் நலம். உண்மையிலோ இதயத் துடிப்பு தளர்ந்து, மாதவிடாய் நின்று, இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்தவளாக இருக்கலாம். தராசில் ஏறும் முன் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து எடையைக் கூட்டிக்காட்டுவது இப்படிப் பட்டினி கிடந்து மெலியும் நோயாளர்களைப் பார்க்கும் வைத்தியர்கள் நன்கு அறிந்த ஒன்று. இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறு: எடையைச் சட்டமாக்கினால் தராசில் ஏற்றப்படுபவள் அந்தப் பிள்ளைதான். மெலியச் சொன்னவர் வெளியே நிற்கிறார். மெலிந்தவள் வேலையை இழக்கிறாள்.

பிரான்ஸ் இதில் ஒரு படி முன்னே போனது. 2015இல் அங்கு நிறைவேறிய சட்டம், எண்ணை மட்டும் பார்க்காமல் முழு உடல்நலத்தையும் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பை வைத்தியரிடம் கொடுத்தது. சான்றிதழ் இல்லாதவரை வேலைக்கு அமர்த்தும் முகவருக்கு 75,000 யூரோ வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பிள்ளையின் தலையில் இருந்த சுமை முதலாளியின் தலைக்கு மாறியது. 2017 செப்ரெம்பரில், எல்.வி.எம்.எச்., கெரிங் என்ற இரு பெரும் ஆடை நிறுவனக் குழுமங்கள் சேர்ந்து, பிரெஞ்சு அளவில் மிகச் சிறியதான 32க்குப் பொருந்தும் பெண்களைத் தேர்வு செய்வதில்லை என்றும், வளர்ந்தவர்களுக்கான ஆடைகளை 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அணிவிப்பதில்லை என்றும் உறுதி செய்துகொண்டன. தையல் தெரிந்த உங்களுக்கு அதன் பெறுமதி உடனே விளங்கும். அங்கே மாதிரி ஆடையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அதற்குள் நுழையக்கூடிய பெண்ணைப் பிறகு தேடுகிறார்கள். வெட்டும் அளவு சிறியதாக இருக்கும்வரை யாரோ ஒருத்தி பட்டினி கிடந்தே ஆக வேண்டும். வெட்டும் மேசையில் அளவு மாறினால் மட்டுமே அவளுடைய தட்டில் சோறு திரும்பும்.

இந்த இடத்தில்தான் உங்கள் நகரத்துக் கடைக்காரர்மீது எனக்குள்ள கேள்வி எழுகிறது. பாரிஸ் நகரத்து முதலாளிக்காவது, வெட்டித் தைத்த ஒற்றை ஆடை என்ற சாட்டு இருந்தது. மருதமுனை நெசவுச் சாறிக்கு அந்தச் சாட்டும் இல்லை. சாறி எந்த உடலுக்கும் வெட்டப்பட்டதன்று. 45 கிலோப் பெண்ணும் 80 கிலோப் பெண்ணும் அதே சாறியைக் கொய்து உடுத்துகிறார்கள். உடலோடு ஒட்டுவது சட்டை மட்டுமே. அதையும் உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே அளவெடுத்துத் தைக்கிறீர்கள். அப்படியிருக்க, அந்தப் பிள்ளை மெலிய வேண்டிய தேவை துணியில் எங்கே இருக்கிறது? வேறோர் ஊரின் தொழில் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட அளவை, அந்தத் தொழிலின் தேவை எதுவுமே இல்லாத இடத்தில் நாம் படம் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம்முடைய வழக்கமோ இதற்கு நேர் எதிரானது. பிள்ளை பெரியவளானால் உழுந்தும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து, இடுப்பு உரம் பெற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வளர்த்த ஊர் இது. மொடலிங் உலகம் பிள்ளைகளைத் தேடிப் பிடிப்பதும் பெரும்பாலும் அந்தப் பருவத்திலேயே; பிறகு இயற்கையாக இடுப்பு அகலும்போது அதைக் குற்றமாக்குகிறது. ஊர் வழக்கம் நம்மைக் காக்கும் என்று நம்பியிருந்துவிடவும் முடியாது. பிஜித் தீவிலும் உடல் நிறைந்திருப்பதே மதிப்பாக இருந்தது. ஒருவர் மெலிந்தால் சுற்றத்தார் கவலைப்பட்டார்கள். 1995இல் நட்ரோகா என்ற பகுதிக்குத் தொலைக்காட்சி வந்த காலத்தில், எடையைக் குறைக்கச் சாப்பாட்டை வாந்தியெடுப்பதாகச் சொன்ன பாடசாலைப் பிள்ளை ஒருத்தியும் இல்லை. 1998இல் அப்படிச் சொன்னவர்கள் 11.3 சதவீதம். ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கரின் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பழக்கம் மாற மூன்று ஆண்டு போதுமாக இருந்தது. அதுவும் தொலைக்காட்சி மட்டும் இருந்த காலத்தில்.

உங்கள் அம்மாவின் விடயம் வேறு. அவருக்கு ஒரு நோய் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை பார்த்து, உணவைத் திட்டமிட்டு, கண்காணித்து எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு எந்த வைத்தியரும் குறைக்கச் சொல்லவில்லை.

அவளிடம் பேசும்போது அவளுடைய உருவத்தைப் பற்றி, மெலிந்துவிட்டாய் என்றுகூட, எதுவும் சொல்லாதீர்கள். இந்த நிலையில் உள்ள பிள்ளைக்கு அது பாராட்டாகவே கேட்கும். தலைசுற்றல், எப்போதும் குளிர்வது, முடி கொட்டுவது, மாதவிடாய் தவறுவது ஆகியவற்றை விசாரியுங்கள். வீட்டில் எல்லோருக்கும் விரும்பிச் சமைத்துவிட்டுத் தான் உண்ணாமல் இருக்கிறாளா என்று கேளுங்கள். நான் மேலே சொன்ன ஆன்செல் கீஸ்தான் 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி இருக்கச் செய்து ஆராய்ந்தவர். எடை குறையக் குறைய அவர்கள் நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்தார்கள். கமராவோ கடைக்காரரோ இல்லாமலே பட்டினி மட்டும் மனத்தை அவ்வளவு மாற்றியது. ஆகவே அவள் பிடிவாதம் பிடித்தாலோ உங்களிடம் சினந்தாலோ, அதை அவளுடைய குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவளுக்குச் சொல்லிவிட்டு அவளுடைய தாயிடமும் பேசுங்கள். நின்ற இடத்தில் தலைசுற்றியவளை முதலில் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எடுக்கும்படி கேட்க வேண்டும். பயத்தில் திடீரென்று நிறைய ஊட்டவும் கூடாது. நெடுநாள் பட்டினி கிடந்த உடல் ஒரேயடியாக உணவைப் பெற்றால் இரத்தத்தில் பொஸ்பேற்று சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். இரண்டாம் உலகப் போரில் விடுவிக்கப்பட்ட கைதிகளில் வைத்தியர்கள் இதைக் கண்டார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயங்கினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

கடைக்காரரிடம் உங்கள் தொழிலின் மொழியிலேயே பேசுங்கள். முதலில் எடுத்த அளவுக்கே இனித் தைப்பேன், அதற்குக் கீழே பிடிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் கொப்பியில் 32 முதல் 44 அங்குலம் வரை எத்தனையோ பெண்களின் மார்பளவுகள் இருக்கும். கடையில் காசு கொடுத்துச் சாறி வாங்குபவர்கள் அவர்கள்தான். வரும் சித்திரைப் புதுவருடத்துக்குப் படம் எடுக்கும்போது, விருப்பமுள்ள சிலரை அந்தந்த அளவிலேயே நிறுத்தி எடுக்கும்படி கேளுங்கள். அந்தச் சட்டைகளை நான் தைத்துத் தருகிறேன் என்றும் சொல்லுங்கள். அவர் மறுத்தால் ஒரு வாடிக்கையை நீங்கள் இழக்க நேரலாம். அது சிறிய இழப்பு அன்று என்பதை அறிந்துதான் இதை எழுதுகிறேன். அந்தப் பிள்ளையை மட்டும் கைவிட வேண்டாம். அவள் உடல் தேறி வரும்போது அளவு கூடும். இப்போது தைக்கும் சட்டைகளில் உள்ளே துணி தாராளமாக விட்டுத் தையுங்கள், பிறகு பிரித்துவிட வசதியாக இருக்கும்.

அன்புடன்.