முப்பது பொருள், அரை மணி நேரம்

கேள்வி: என் அண்ணி எங்கள் பேரூராட்சியில் வார்டு கவுன்சிலர். போன மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். முப்பது பொருள்; தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் ரிப்பேர் என்று போகிறது. அரை மணி நேரத்தில் எல்லாம் ‘ஏகமனதாக’ நிறைவேறிவிட்டதாம். இதற்கு ஒரு கூட்டம் தேவையா?
– வாசகி, மயிலாடுதுறை மாவட்டக் கடலோர ஊர்

பதில்: கட்டாயம் தேவை அம்மா. கடலோரப் பேரூராட்சி ஒன்றில் பல வருடம் மன்றக் கூட்டத்துக்கான பொருள்களை எழுதி, தீர்மானங்களைப் பதியும் மினிட் புத்தகம் பார்த்தவன் நான். அந்தப் பட்டியலை அண்ணியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

முதலில் மாதத்தைப் பாருங்கள். மழைநீர் வடிகால் தூர்வாரும் பொருள் எப்போது வருகிறது? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். தீர்மானம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு எல்லாம் தாண்டித்தான் மண்வெட்டி வாய்க்காலில் இறங்கும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ அது மன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு வருடம் எங்கள் ஊரில் அக்டோபர் கூட்டத்தில்தான் வந்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் எழுதிக் கையெழுத்துக்கு வைத்தேன். நவம்பரில் வாய்க்கால் கடலில் விழுகிற இடத்தை மணல் மூடிக்கொண்டது. மீனவர் தெருவில் மூன்று நாள் முழங்காலளவு தண்ணீர். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அலுவலக வாசலில் வந்து நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அடுத்த கூட்டத்தில், அவசரமாக மணல் அள்ளிய செலவுக்குப் ‘பின்னேற்பு’ கேட்டு இன்னொரு பொருள். அதை எழுதும்போது எனக்குக் கை ஓடவில்லை.

அந்தப் ‘பின்னேற்பு’ என்ற சொல்லை அண்ணி கவனிக்க வேண்டும். வேலை முடிந்துவிட்டது, மன்றத்தை இப்போதுதான் கேட்கிறார்கள் என்று பொருள். குடிநீர் மோட்டார் எரிந்துபோனால் அடுத்த கூட்டம் வரை ஊர் காத்திருக்க முடியாது, அது நியாயம். அதே மோட்டார் வருடத்தில் மூன்று முறை வந்தால் கேட்டே ஆக வேண்டும்.

தெருவிளக்கு அடிக்கடி வருவதில் தப்பில்லை, உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். எந்தத் தெரு, எத்தனை விளக்கு என்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கட்டும்.

மீன் அங்காடிக் கட்டணம் வசூலிக்கும் உரிமைக்கான ஏலத்தில் சற்று நிற்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டி, ஏலம் எடுப்பவர்கள் தொகையைக் குறைத்துக் கேட்பார்கள். அந்தத் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகு கடலுக்குப் போகிறது, மீனும் அங்காடிக்கு வருகிறது. போன வருட ஏலத்தொகையையும் அந்தப் பொருளுக்கான அலுவலகக் குறிப்பில் சேர்க்கச் சொல்லி அண்ணி கேட்கட்டும்.

நீங்களும் சும்மா இருக்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்துவிட்டது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதினால், தீர்மான நகலுக்கு 30 நாளில் பதில் தர வேண்டும். கடந்த மூன்று வருடத்தில் வடிகால் பொருள் எந்தெந்த மாதம் வந்தது என்று அதில் பாருங்கள். தாமதம் தெரிந்தால், இந்த வருடம் ஜூலைக் கூட்டத்திலேயே அதை வைக்கச் சொல்லி அண்ணி தலைவருக்கு எழுத்தில் கொடுக்கட்டும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளட்டும்.