வாசகர் கேள்வி–பதில்: மென்னடைக் குதிரையும் ட்ரெஸ்ஸாஜ் பயிற்சியும்

கேள்வி: என்னிடம் ஏழு வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. மார்வாரி என்ற இந்தியக் குதிரை இனத்தின் கலப்பு என்று சொல்லித் தந்தார்கள். மெதுவாக நடக்கையில் குறையில்லை. வேகத்தைக் கூட்டினால் ரேவால் என்னும் குலுங்காத விரைவு நடை (மென்னடை) சில அடிகளுக்கு மட்டுமே நிற்கிறது. பின்னர் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் ஒன்றாக எழுந்து விழ, உடல் இடமும் வலமுமாக ஆடுகிறது. கடிவாளத்தை இறுக்கித் தலையை உயர்த்திப் பிடிக்கச் சொல்கிறார் ஒருவர். குதிரையின் உடலைப் படிப்படியாக நெகிழ்வும் வலுவுமாக்கும் ட்ரெஸ்ஸாஜ் என்ற சவாரிப் பயிற்சியைப் பழக்கச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
— வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: ட்ரெஸ்ஸாஜ் பழக்குங்கள். தலையை உயர்த்திக் கட்டிப் பிடிப்பது நீங்கள் சொல்லும் குறையை வளர்க்குமே தவிரக் குறைக்காது.

காரணத்தை உடலமைப்பிலேயே காணலாம். குதிரை நடக்கும்போது இடப் பின்கால், இட முன்கால், வலப் பின்கால், வல முன்கால் என்ற வரிசையில், சம இடைவெளியுள்ள நான்கு தாளங்களாகக் குளம்புகள் விழுகின்றன. ரேவால், ஐஸ்லாந்துக் குதிரையின் டோல்ட், டென்னசி வாக்கர் என்ற அமெரிக்க இனத்தின் ஓடுநடை ஆகிய மென்னடைகள் எல்லாம் இதே வரிசையை வேகமாகச் செய்பவைதான். முதுகு இறுகினால் பின்கால் உடலுக்கு அடியில் போதிய அளவு முன்வராது. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து இயங்கத் தொடங்கி, நான்கு தாளம் இரண்டாகச் சுருங்கிவிடும். தலையை மேலே இழுத்தால் முதுகு கீழே குழிகிறது. குழிந்த முதுகு மேலும் இறுகுகிறது. ஐஸ்லாந்துக் குதிரைகளில் இந்த மென்னடைத் திறனோடு தொடர்புள்ள மரபணு மாற்றம் ஒன்றை 2012இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆகவே திறன் பிறப்பிலேயே வருகிறது. ஆனால் அது சீராக நிலைப்பது முதுகின் நெகிழ்விலும் பின்கால்களின் வலுவிலும்தான் இருக்கிறது. ட்ரெஸ்ஸாஜ் வளர்ப்பது இவ்விரண்டையுமே.

தொடங்கும் முன்னர் சேணம் தோள்பட்டையை அழுத்துகிறதா என்று பாருங்கள். பல், முதுகு, குளம்பு மூன்றையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வலியுள்ள குதிரைக்கு எந்தப் பயிற்சியும் பலன் தராது.

முதற்சில வாரங்கள் வேகத்தை மறந்துவிடுங்கள். கடிவாள வார்களை நீளமாக விட்டு, கழுத்தை முன்னும் கீழும் நீட்ட அனுமதித்து, சுறுசுறுப்பான சாதாரண நடையை மட்டும் பழக்குங்கள். நடையில் தலை அசைவது இயல்பு. உங்கள் கைகள் அந்த அசைவோடு சேர்ந்து போக வேண்டும், அதை நிறுத்தக் கூடாது. பிறகு 20 மீட்டர் விட்டமுள்ள வட்டங்கள், அடிக்கடி திசைமாற்றம், காலின் அழுத்தத்துக்குப் பக்கவாட்டில் விலகிச் செல்லுதல் என்று முன்னேறுங்கள். இவை பழகிய பின்னரே தோளை உள்ளே கொண்டுவரும் பயிற்சிக்கு வரலாம். பிரெஞ்சுக் குதிரைப் பயிற்சியாளர் கெரினியேர் 18ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதிவைத்த பயிற்சி இது. மென்னடைக் குதிரைக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் அறியேன். குதிரை நேராகச் செல்லும்போதே அதன் தோள்கள் சுமார் 30 பாகை உட்புறம் திரும்பியிருக்கும். அப்போது உட்பக்கப் பின்கால் வயிற்றுக்கு அடியில் ஆழமாக அடிவைத்தாக வேண்டும். அதே பக்கத்து முன்காலோடு அது பூட்டிக்கொள்ள வழியில்லை. தரையில் ஏறத்தாழ 80 சென்ரிமீட்டர் இடைவெளியில் நான்கு கம்புகளைப் போட்டு நடத்துவதும் இதே காரணத்தால் உதவும். இடைவெளியை உங்கள் குதிரையின் அடிநீளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பின்னோக்கி நான்கைந்து அடிகள் நடத்துவதும் நல்லது, ஏனெனில் அப்போது கால்கள் குறுக்குச் சோடிகளாகவே இயங்குகின்றன.

ரேவாலை இவற்றுக்கு இடையில் சிறு துண்டுகளாக மட்டும் கேளுங்கள். பத்துப் பதினைந்து அடிகள் சீராக வந்தால், தாளம் உடையும் முன்பே சாதாரண நடைக்குத் திரும்புங்கள். உடைந்த பின்னர் நிறுத்தினால் குதிரை பழகுவது அந்த உடைந்த நடையைத்தான். தாளத்தைக் காதால் கேட்டுத் தீர்மானிப்பதற்குக் கெட்டியான மண்பாதை நல்லது.

இடம், நேரம் பற்றியும் ஒரு சொல். கடற்கரையின் உலர்ந்த மணலில் வேகமாக ஓட்டாதீர்கள். கால் நாண்கள் விரைவில் பழுதடையும். ஈரமணல் உறுதியானதுதான், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருப்பதால், போகும் தூரத்துக்குச் சமமாகத் திரும்பியும் வர வேண்டும். இல்லையேல் ஒரு பக்கமே வலுப்பெறும். பெரும்போக அறுவடைக்குப் பிறகு வயலைப் பயன்படுத்துவோர் நில வெடிப்புகளையும் வரப்போர வளைகளையும் முதலில் நடந்து பார்த்துவிட வேண்டும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூரியன் ஏறும் முன்பே பயிற்சியை முடித்துவிடுங்கள்.

கேள்வி: ட்ராட் (கால்கள் குறுக்குச் சோடிகளாக எழும் இரண்டு தாள ஓட்டம்) பழக்கினால் மென்னடை கெட்டுவிடும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: குழப்பமாகப் பழக்கினால் கெடும். இரண்டுக்கும் ஒரே சைகையைத் தந்தால் குதிரை இரண்டையும் கலந்துதான் தரும். ஐஸ்லாந்துக் குதிரைகள் ட்ராட், டோல்ட் இரண்டையும் தனித்தனியே செய்கின்றன. அங்கு பல பயிற்சியாளர்கள் சமநிலைக்காக ட்ராட்டையே முதலில் வலுப்படுத்துகிறார்கள். ஆயினும் ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே நான்கு தாளத்தையும் இரண்டு தாளத்தையும் பிரித்தறியும் வரை ட்ராட்டைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. மேற்சொன்ன பயிற்சிகள் எவற்றுக்கும் ட்ராட் கட்டாயமில்லை. சர்வதேச ட்ரெஸ்ஸாஜ் போட்டிகள் சாதாரண நடை, ட்ராட், கேன்டர் (மூன்று தாள ஓட்டம்) மூன்றையுமே கேட்பதால் அங்கு மென்னடைக்கு இடமில்லை; அமெரிக்காவில் ட்ராட்டுக்குப் பதிலாக மென்னடையைக் கேட்கும் தேர்வுகள் தனியே உள்ளன.

கேள்வி: கனமான லாடம் அடித்தால் கால்கள் உயர்ந்து நடை அழகாகுமா?
— வாசகர், பொத்துவில்

பதில்: கால் உயரும், நடை மேம்படாது. கனமும் நீண்ட குளம்பு நுனியும் நாண்களுக்கும் மூட்டுகளுக்கும் சுமையைக் கூட்டுகின்றன. அமெரிக்காவில் காட்சிக் குதிரைகளின் கால்களை வேண்டுமென்றே புண்ணாக்கி உயர்த்தச் செய்த கொடுமை பெருகியதால், 1970இல் அதைத் தடுக்கச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. குளம்பை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை சமமாகச் சீவி, லாடம் தேவையென்றால் இலகுவானதையே அடியுங்கள். மென்மையான தரையில் மட்டும் ஓடும் குதிரைக்குப் பெரும்பாலும் லாடமே வேண்டியதில்லை.