வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சீழ்க்கட்டி

தேவகோட்டையிலிருந்து எழுதும் வாசகி, சித்திரையில் மகனுக்குத் தொடையில் வந்த கட்டி ஆறுவதற்குள் மகளுக்கு அக்குளிலும், பிறகு சர்க்கரை நோயுள்ள அப்பத்தாவுக்கு முதுகிலும் வந்ததாகவும், மருந்துக்கடை மாத்திரைக்கு அடங்கி மறுபடி கிளம்புவதாகவும் கூறி, இது உடற்சூடா, இரத்தக் கேடா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. ஏறத்தாழ மூவரில் ஒருவரின் மூக்கினுள் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா எந்தத் தொந்தரவும் தராமல் தங்கியிருக்கிறது; இத்தகைய கட்டிகளுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத அதன் வகையே எம்ஆர்எஸ்ஏ. வளவு எவ்வளவு விசாலமாக இருந்தாலும், துண்டும் சவரக்கத்தியும் பொதுவாக இருந்தால் அது வீடு முழுவதும் பரவும்.

உங்கள் வீட்டில் இருப்பது அந்த வகைதானா என்பதைச் சீழைச் சோதித்தால்தான் சொல்ல முடியும். கட்டியை நீங்கள் பிதுக்காமல், மருத்துவர் கீறிச் சீழை வெளியேற்றுவதுதான் முதல் சிகிச்சை. அப்போதே, சீழிலுள்ள கிருமியை வளர்த்து அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவுகளில் கேட்காவிட்டால் இதை அனுப்பாமலே விடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் இரண்டு நாளுக்குக் கிள்ளித் தரும் மாத்திரைதான் உண்மையான பொறி. அடிக்கடி தரப்படும் செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் இந்தக் கிருமியிடம் ஏறக்குறைய வேலையே செய்யாது. 2014 முதல் நடைமுறையிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, அதை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி, மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். யார் எழுதுகிறார்கள், யார் வந்து பார்க்கிறார்கள்? ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் வாங்காதீர்கள். அது சிவப்பை மறைத்துவிட்டு நோயை வளர்க்கும்.

மருத்துவர் மூக்கில் தடவ முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பும் குளிக்கக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலும் எழுதினால், பெரும்பாலும் ஐந்து நாள், கட்டி வராதவர்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும். ஒருவர் விட்டாலும் கிருமி அவரிடமிருந்து திரும்பும். அந்நாட்களில் ஆளுக்கொரு துண்டு வைத்து, துண்டுகளையும் விரிப்புகளையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள்.

அப்பத்தாவின் நிலை வேறு. சர்க்கரை நோயாளிக்குக் கட்டி சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கலாம். காய்ச்சல் வராமலும் இருக்கலாம். வலியும் குறைவாகத் தோன்றலாம். ஆகவே ஐந்து நாள் கணக்கு முடியட்டும் என்று அவர் காத்திருக்கக் கூடாது. சிவப்பு பரவினாலோ, அவர் சோர்ந்து படுத்தாலோ, சர்க்கரை அளவு ஏறினாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். போகும்போது, இதுவரை தின்ற மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.