பெரியப்பா சொன்ன படிப்பு வேண்டாம்

செயற்கை நுண்ணறிவு முதுகலையில் சேர்க்காவிட்டால் பெண்ணின் எதிர்காலமே போச்சு என்று பெரியப்பா சொல்கிறார், கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. பயம் புரிகிறது. ஆனால் தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை. அவளுக்குக் கணக்கு ஆகாது, டேட்டாபேஸ் பாடத்தை மட்டும் விரும்பிப் படித்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கணக்கின் மேலேயே நிற்கும் படிப்புக்கு அவளைத் தள்ளிவிடக் கடன் வேறா? கூடாது.

மற்ற வழிகளை உறவினர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லாத ஒன்று, சர்வீஸ் டெஸ்க் மென்பொருள் நிர்வாகம். அலுவலகத்தில் பாஸ்வேர்டு மறந்தால், பிரிண்டர் மக்கர் செய்தால் டிக்கெட் போடுகிறார்களே, அந்த மென்பொருள்தான். திறந்ததும் வரும் டாஷ்போர்டு டெக்னீஷியனுக்கு அவர் பெயரில் உள்ள டிக்கெட்டுகளைக் காட்ட வேண்டும், மேலாளருக்குக் கெடு தாண்டியவற்றை. எல்லோருக்கும் ஒரே திரை என்றால் ஒருவரும் அதைப் பார்க்க மாட்டார்கள்.

ஜிஎல்பிஐ என்று இந்த வகையில் ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, இலவசம். 9.5 பதிப்பில் வந்த அதன் டாஷ்போர்டுகள் டேட்டாபேஸில் முக்கியமாக மூன்று டேபிள்களில் இருக்கின்றன: ஒன்றில் டாஷ்போர்டின் பெயர், இன்னொன்றில் ஒவ்வொரு கார்டும் (ஒரு எண்ணிக்கையையோ வரைபடத்தையோ காட்டும் சிறு கட்டம்) எந்த இடத்தில் எவ்வளவு அகலம் உயரத்தில் நிற்க வேண்டும் என்பது, மூன்றாவதில் அது யாருக்குத் தெரிய வேண்டும் என்பது, அதாவது ஒரு ப்ரொஃபைலுக்கா (டெக்னீஷியன், மேலாளர் போன்ற பொறுப்பு), குழுவுக்கா, தனி ஆளுக்கா. இந்த மூன்றாவதில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஒரு பொறுப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அந்த டாஷ்போர்டு கிடைத்துவிடும்.

கவனமும் வேண்டும். டாஷ்போர்டை மறைப்பது வேறு, டிக்கெட்டைப் பார்க்கும் உரிமையைப் பறிப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. டேபிளில் நேரடியாகக் கை வைத்தால் யார் மாற்றினார்கள் என்று மென்பொருளின் வரலாற்றில் பதியாது, அப்புறம் அடுத்த பதிப்பில் டேபிளின் அமைப்பே மாறலாம். அதனால் முதலில் பேக்கப், பிறகு சோதனை நகலில் முயற்சி. திரையிலேயே செய்ய முடிந்ததைத் திரையில்தான் செய்ய வேண்டும்.

இதைப் பழக வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும், அதில் ஜிஎல்பிஐயோடு அது ஓடத் தேவையான வெப் சர்வர், பிஎச்பி, மரியாடிபி என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஆகியவற்றையும் போட்டுக்கொள்ளலாம். கற்றுத்தருகிறோம் என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். டெக்னீஷியன், மேலாளர், புகார் கொடுப்பவர் என மூன்று ப்ரொஃபைலுக்கு மூன்று டாஷ்போர்டு அவளே செய்து பார்க்கட்டும். அலுப்பாக இருக்கிறது என்றால் அதையும் நம்புங்கள், வேறு பார்க்கலாம். அதுவரை அந்த சீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.